குறிப்பு எழுத இடமில்லை

செப்டம்பர் 2

அன்புள்ள அத்தானுக்கு,

மச்சான் எழுதிக்கொள்வது. நான் நலம், போன மாதம் வந்த இருமல் மட்டும் வாடகை கொடுக்காமல் கூடவே குடியிருக்கிறது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அக்கா நலமா? பட்டாளத்துப் பயிற்சியில் நம் பிள்ளை வாலு யாரிடமும் வாலாட்டாமல் இருக்கிறானா?

இந்தக் கடிதத்தில் பாதி வீடு, பாதி வேலை. கொள்முதல் தலைமை அலுவலகத்தில் என்னைப் புதிய பிரிவில் போட்டிருக்கிறார்கள். பெயர் சைபர்நெட்டிக்ஸ் பிரிவு. முகத்தைச் சுளிக்காதீர்கள், விஷயம் எளிது. உங்கள் மாடித் தொட்டியில் மிதவை ஒன்று இருக்கிறதே, தண்ணீர் குறைந்தால் கீழே இறங்கிக் குழாயைத் திறக்கும், நிறைந்தால் மேலே வந்து மூடும். யாரும் கட்டளை போட வேண்டாம். தொட்டியின் நிலைமையே திரும்பிவந்து குழாயைத் திருத்துகிறது. இராணுவக் கொள்முதலையும் அப்படி ஆக்கப்போகிறோம். இப்போது ஒரு ஜோடி கையுறை வாங்கப் பதினொரு கையெழுத்து. வந்து சேர்வதற்குள் கேட்டவர் ஓய்வு பெற்றுவிடுகிறார். இனிமேல் திங்கள்தோறும் கிடங்கிலிருந்து ஓர் அட்டை வரும். அதில் ஒரே ஓர் எண், கையிருப்பு. ஆயிரம் இருக்க வேண்டிய இடத்தில் எழுநூறு இருந்தால், முந்நூறுக்கு எங்கள் கம்ப்யூட்டரே ஆலைக்கு ஆர்டர் அனுப்பிவிடும்.

சோதனைக்கு ஒரு கிடங்கு கேட்டார்கள். உங்கள் கிடங்கைச் சொல்லிவிட்டேன். பொருள், பனிக் கையுறை. அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை. தேறினால் பன்னிரண்டு கிடங்குக்கும் இதே முறை, எனக்கும் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் பிரிவையே இழுத்து மூடுவார்கள், நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், அத்தான். அட்டையில் உண்மையான எண்ணை எழுதுங்கள். அக்காவை விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புடன்,
உங்கள் மச்சான்


செப்டம்பர் 24

அன்பு மச்சானுக்கு,

நாங்கள் இருவரும் நலம். முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் கேட்கிறது. உன் இருமலுக்கு வெந்நீர் குடி என்று உன் அக்கா எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன், நீ குடிக்கமாட்டாய் என்றும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் இருபத்தோரு நாள் ஊர் சுற்றிவிட்டு வந்தது. கிடங்குக்கும் தலைமை அலுவலகத்துக்கும் நடுவில் எல்லாக் கடிதத்தையும் பிரித்துப் படித்து முத்திரை குத்துகிற மகராசன் ஒருவன் இருக்கிறான், தெரியுமல்லவா? இதை இப்போது படிக்கிற ஐயாவுக்கும் என் வணக்கம். உன் அட்டைக்கு மட்டும் தனிப் பையாம், இரண்டே நாளாம். எண்ணுக்கு இறக்கை, எழுத்துக்கு நொண்டிக் கால். போன் ஒன்று மேலதிகாரி அறையில் இருக்கிறது, அதில் கிடங்குச் சமாசாரம் பேசினால் என் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

அட்டை மாதிரி வந்தது. பொருளின் பெயர், தேதி, கையிருப்பு. அவ்வளவுதானா? பழைய படிவத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. இருபத்தொன்பது வருடம் நான் அதில்தான் வாழ்ந்தேன். 'கூரை ஒழுகியது' என்று எழுதியிருக்கிறேன். 'எலி கடித்தது' என்று எழுதியிருக்கிறேன். 'வந்த நூறும் இடது கைக்கானவை, வலது கை எங்கே?' என்று எழுதி ஒரு மேலதிகாரியையே இடம் மாற்ற வைத்திருக்கிறேன். அந்தக் கட்டத்தை ஏன் எடுத்தாய்?

நம் வாலு அக்டோபர் கடைசியில் மேல் முகாமுக்குப் போகிறான். மலையில் அதற்கு மேல் முகாமே கிடையாது. அங்கே ஊசி முதல் உறை வரைக்கும் என் கிடங்கிலிருந்துதான் போகிறது. பெற்ற பிள்ளை கையில் ஏறப்போகிற உறைக்கு நான் புளுகு எண் எழுதுவேனா? நீ தைரியமாக உன் மிதவையை மிதக்க விடு.

இப்படிக்கு,
அத்தான்


அக்டோபர் 24

அன்புள்ள அத்தானுக்கு,

நலம், நலமறிய ஆவல். வெந்நீர் குடிக்கிறேன் என்று அக்காவிடம் சொல்லுங்கள், பொய்தான்.

மூன்று திங்கள், மூன்று அட்டை. 600, 605, 598. வரைபடத்தில் கோடு தூங்குகிற குழந்தை மாதிரி கிடக்கிறது. பிரிவுத் தலைவர் தினமும் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போகிறார். "உன் அத்தான் சொக்கத் தங்கம்யா" என்கிறார். கம்ப்யூட்டர் அறையைக் குளிராக வைத்திருக்கிறார்கள், உள்ளே போகிறவனுக்குக் கம்பளிச் சட்டை கொடுக்கிறார்கள். ஆளைவிட அதற்குத்தான் உபசாரம்.

அறுநூறுதானே இருக்கிறது, ஆயிரத்துக்கு மிச்சம் ஏன் அனுப்பவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கவலை வேண்டாம். உங்கள் குணத்தையும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறேன். அது என்ன என்று இப்போது சொல்ல மாட்டேன், சொன்னால் கணக்குக் கெட்டுப்போகும்.

குறிப்புக் கட்டத்தை எடுத்தது நான்தான். எழுத்து கம்ப்யூட்டருக்குப் புரியாது. மேலும் உண்மையைச் சொல்லுங்கள், அந்தக் குறிப்புகளை யார் படித்தார்கள்? வாலு மேலே போகும்போது என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மச்சான்


நவம்பர் 5

அன்பு மச்சானுக்கு,

எல்லாரும் நலம். வாலு மேலே போய்ச் சேர்ந்தான். போகிற அன்று அவன் அம்மா அழவில்லை, நான் அழுதேன், அதை நீ யாரிடமும் சொல்லிவைக்காதே.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமலே காரியத்தை முடித்துவிட்டுப் பெருமையாகச் சொல்லலாம் என்று இருந்தேன். கிடங்குக்குப் பின்னால் உள்ள அறை உனக்கு நினைவிருக்கும். எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குப் போர்த்திக்கொள்ளக் கம்பளி எங்கிருந்து வந்தது என்று நினைத்தாய்? அந்த அறையில் எப்போதும் நானூறு ஜோடி கையுறை இருக்கும், எந்தக் கணக்கிலும் இருக்காது. முன்பு ஒரு குளிர்காலத்தில் கேட்டு எழுதி மூன்று மாதம் ஒன்றுமே வரவில்லை. அன்றிலிருந்து அந்த அறை. நான் மட்டுமல்ல, எல்லாக் கிடங்கிலும் அப்படி ஓர் அறை உண்டு, இதைப் படிக்கிற முத்திரை ஐயாவுக்கும் அது தெரியும்.

உனக்காகவும் வாலுக்காகவும் அதைக் காலி செய்துவிட்டேன். ஒரே நாளில் நானூறு ஏறினால் "இது எங்கிருந்து முளைத்தது" என்று என் கழுத்தைப் பிடிப்பார்கள். அதனால் வாரம் நூறாக வெளியே எடுத்து அலமாரியில் சேர்த்தேன். வாரம் நூறு மேலே செலவாகிக்கொண்டிருந்ததால் அட்டையில் எண் அசையவில்லை. இன்றைக்கு அறை காலி. அலமாரியில் அறுநூறு, அட்டையிலும் அறுநூறு. இருபத்தொன்பது வருடத்தில் இரண்டும் ஒன்றாக இருப்பது இதுதான் முதல் தடவை. எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் ஒரு மாதமாக ஒரு லாரியும் வரவில்லையே. உன் மிதவை தூங்குகிறதா? பனி இறங்கிவிட்டது. இனி வாரம் நூற்றைம்பது போகும். கொஞ்சம் பார்.

இப்படிக்கு,
அத்தான்


நவம்பர் 14

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். உங்களிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. அட்டை மட்டும் தவறாமல் வருகிறது. இந்தத் திங்கள் 450. என்ன ஆயிற்று என்று எனக்குப் பிடிபடவில்லை. ஐந்து வாரம் ஆடாமல் கிடந்த கோடு திடீரென்று குப்புற விழுகிறது.

தலைவரிடம் காட்டினேன். அவர் பதறவே இல்லை. "பனி வந்தாச்சுல்ல, இனி எல்லாக் கிடங்கும் இல்லை இல்லைன்னு பாட்டுப் பாடும்" என்றார். அதனால் இப்போது உங்களிடம் ரகசியத்தை உடைத்துவிடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. பின்னறையும் அதிலுள்ள நானூறும் எனக்குத் தெரியும். கல்யாணத்தன்று கம்பளி தூக்கியவன் நான்தானே. அதனால் உங்கள் கிடங்குக்கு மட்டும், வருகிற எண்ணோடு நானூறைக் கூட்டிக்கொள்ளும்படி கம்ப்யூட்டரில் எழுதியிருந்தேன். நீங்கள் அறுநூறு என்றால் அது ஆயிரம் என்று படித்துக்கொள்ளும். குளிர் வந்ததும் பதுக்கலும் கூடும் என்று தலைவர் சொன்னதால் நேற்று அதை ஐந்நூறாக்கினோம். ஆக உங்களிடம் உண்மையில் தொள்ளாயிரத்து ஐம்பது இருக்கிறது. ஐம்பதுக்கு ஆர்டர் போயிருக்கிறது.

உங்களைப் பொய்யர் என்று சொல்லவில்லை, அத்தான். நல்ல மனசோடு பதுக்குகிறவர் என்று கணக்கில் எடுத்திருக்கிறேன். சிரித்துவிட்டு மறந்துவிடுங்கள். அக்காவுக்கு என் அன்பு.

மச்சான்


நவம்பர் 26

மச்சானுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதிப் பழகிவிட்டதால் எழுதுகிறேன். உன் அக்டோபர் கடிதம் வந்தது. என் குணத்தைக் கணக்கில் சேர்த்திருக்கிறாயாம். என் குணம் என்ன, சர்க்கரையா உப்பா, சேர்ப்பதற்கு? தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

போன வாரம் முந்நூறு என்று எழுதினேன். அது சத்தியமான முந்நூறு. லாரி வரவில்லை. நேற்று அலமாரியில் நூற்றைம்பது. உண்மையை எழுதினால் உன் இயந்திரம் காதில் வாங்க மாட்டேன் என்கிறது. பழைய படிவமாக இருந்தால் குறிப்புக் கட்டத்தில் 'ஐயா, தயவுசெய்து, பனி' என்று மூன்று வார்த்தை எழுதியிருப்பேன். உன் அட்டையில் அதற்கு இடமில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கிவிட்டேன். நேற்றைய அட்டையில் பூஜ்யம் என்று எழுதினேன். லாரி வரும்வரை அதைத்தான் எழுதப்போகிறேன்.

வாலு கடிதம் போட்டிருந்தான். அவன் பிரிவில் பாதிப்பேர் உறை கிழிந்துவிட்டதாம், காவலுக்கு நிற்கிறவன் போட்டுக்கொண்டு வந்து அடுத்தவனுக்குக் கழற்றிக் கொடுக்கிறானாம். "அப்பா, உங்க கடையில சரக்கு இல்லையா?" என்று கேட்டிருக்கிறான். கேலியாகத்தான் கேட்டிருக்கிறான்.

அத்தான்


டிசம்பர் 1

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் நவம்பர் ஐந்தாம் தேதி எழுதியது முந்தாநாள் என் கைக்கு வந்தது. அறையைக் காலி செய்துவிட்டீர்களா? முழுவதையும்? படித்துவிட்டு எழுந்து நின்றேன், எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை, மறுபடி உட்கார்ந்தேன்.

நீங்கள் உண்மையைச் சொல்லத் தொடங்கிய அதே வாரம் நான் நீங்கள் பொய் சொல்வீர்கள் என்று எழுதிவைத்தேன். உங்களுக்காக நான் திருத்தினேன், எனக்காக நீங்கள் திருந்தினீர்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

கூட்டலை நேற்றே எடுத்துவிட்டேன். தலைவர் காரணம் கேட்டார், அத்தான் திருந்திவிட்டார் என்றேன், அவர் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. ஆனால் ஆலை தைத்து அனுப்ப ஐந்து வாரம். அதற்குக் குறைத்து முடியாது என்கிறார்கள், கெஞ்சியும் பார்த்துவிட்டேன்.

இப்போது என் மேஜையில் உங்கள் அட்டை, பூஜ்யம். மண்டை காய்கிறது. முந்நூறிலிருந்து ஒரே வாரத்தில் பூஜ்யமா? இது உண்மையான பூஜ்யமா, பழைய அறைப் பூஜ்யமா? கையில் ஏதாவது இருந்தால் முதலில் மேல் முகாமுக்கு அனுப்பிவிடுங்கள், அத்தான். எண்ணைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்வோம். என் வேலையைப் பற்றியும் அப்புறம் பார்த்துக்கொள்வோம்.

மச்சான்


டிசம்பர் 18

மச்சானுக்கு,

நலம். உன் ரகசியக் கடிதம் வந்தது. ஐந்நூறு கூட்டினாயா? கூட்டு. இருபத்தொன்பது வருடம் புளுகினேன், எல்லாருக்கும் உறை கிடைத்தது. இரண்டு மாதம் யோக்கியனாக இருந்தேன், ஒருவனுக்கும் கிடைக்கவில்லை. சிரித்துவிட்டு மறந்துவிடச் சொல்கிறாய். சிரித்தாயிற்று.

அலமாரி இப்போது காலி. மேல் முகாமிலிருந்து இருபது ஜோடி கேட்டு மாத ஆரம்பத்தில் சீட்டு வந்தது. 'இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். அட்டையில் பூஜ்யம் என்றால் சீட்டிலும் இல்லை என்றுதானே இருக்க வேண்டும்.

வாலு கடிதம் நேற்று வந்தது. எல்லாரும் நலமா என்று கேட்டிருக்கிறான். பயல் சோம்பேறி ஆகிவிட்டான், யாரோ நண்பனைப் பிடித்துச் சொல்லச் சொல்ல எழுதவைத்திருக்கிறான். முத்து முத்தான கையெழுத்து, நம் குடும்பத்தில் எவனுக்கும் கிடையாது. உன் அக்காவிடம் காட்டினேன். அவள் அதை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தாள். அதிலிருந்து என்னோடு பேசவில்லை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

அத்தான்


பிப்ரவரி 5

அன்புள்ள அத்தானுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? டிசம்பர் பதினெட்டுக்குப் பிறகு உங்கள் எழுத்தைக் காணோம். அக்காவுக்கும் இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. அட்டைகள் மட்டும் வருகின்றன. 900, 1750, 2600, 3450, 4300. எண்ணின் எழுத்து கோணல் மாணலாக இருக்கிறது. நீங்கள்தானே எழுதுகிறீர்கள்?

லாரிகள் ஏன் நிற்காமல் வருகின்றன என்று திட்டிக்கொண்டிருப்பீர்கள். அதுவும் என் தப்புதான். குழாய் ஐந்து வார நீளம். வழியில் வந்துகொண்டிருப்பதை எண்ணும்படி நான் எழுதவில்லை. தொட்டியில் பூஜ்யம் என்று பார்த்த ஒவ்வொரு திங்களும் அது புதிதாக ஆயிரம் கேட்டிருக்கிறது. நான் அதைக் கண்டுபிடிக்கும்போது எல்லாம் வழியில் இருந்தது.

இப்போது எனக்கே நம்ப முடியாத ஒரு விஷயம். சோதனையை மதிப்பிடும் குழு இன்று கூடியது. என்னைத் தூக்கிவிடுவார்கள் என்று போனேன். அவர்கள் சராசரியைப் பார்த்தார்கள். பதினெட்டு வாரத்துக்குச் சராசரிக் கையிருப்பு தொள்ளாயிரத்து முப்பது. இலக்கு ஆயிரம். கைதட்டினார்கள், அத்தான். நான் எழுந்து ஆறு வாரம் பூஜ்யமாக இருந்ததே என்றேன். "சராசரியில அது சரியாயிடுச்சே" என்றார் ஒருவர். முறை தேறிவிட்டதாம். பன்னிரண்டு கிடங்குக்கும் விரிக்கப்போகிறார்களாம். அட்டைகள் எல்லாம் உண்மை என்று நீங்கள் ஒரு சான்றில் கையெழுத்துப் போட்டால் போதும். இத்துடன் வைத்திருக்கிறேன். மகிழ வேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அதைவிட ஒன்று என்னை அரிக்கிறது. வாலு இன்னும் அந்த நண்பனை வைத்துத்தான் எழுதுகிறானா?

மச்சான்


பிப்ரவரி 27

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் இருமல் நின்றதா?

கடிதத்தில் அவன் கையெழுத்து இல்லை என்றதும் அவன் கைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன் அத்தானுக்குப் புரியவில்லை என்று நினைக்காதே. புரியாத மாதிரி உன்னிடம் எழுதிவைத்தார். டிசம்பர் கடைசியில் பட்டாளத்திலிருந்து தகவல் வந்தது. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் ஐந்து வாரம் அவனோடு இருந்துவிட்டு வந்தோம். அட்டைகளை அந்த வாரங்களில் உதவியாளர் எழுதி அனுப்பினார்.

டிசம்பர் முதல் வாரம் அவன் காவல் முறை. உறை கூடக் காவல் நின்ற இன்னொருவனிடம் இருந்திருக்கிறது. பனியில் கருகிப்போய் வலது கையில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். ஆட்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல். அவன் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான். எனக்குத்தான் அவனைப் பார்த்துச் சிரிக்க வரவில்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். உன் அத்தான் சொல்ல மாட்டார், அதனால் நான் சொல்கிறேன். முதல் பூஜ்யம் எழுதிய அன்று அலமாரியில் இருந்த நூற்றைம்பது ஜோடியைப் பின்னறையில் வைத்துப் பூட்டினார். மேல் முகாம் இருபது கேட்டபோது அது அங்கேதான் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அறையைத் திறந்து காட்டினார். ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். "பூஜ்யம்னு எழுதிட்டேனே, எப்படி எடுத்துக் குடுப்பேன்" என்றார். மச்சான் வேலை போய்விடும் என்றார். அடுத்த வாரம் லாரி வந்துவிடும் என்று நினைத்தேன் என்றார். கடைசியில், "வேற முகாம் கேட்டிருந்தா குடுத்திருப்பேன்டி. கேட்டது என் மகன் இருக்கிற இடம், சொந்தப் பிள்ளைக்குப் பதுக்கினான்னு சொல்லுவாங்க" என்றார்.

இப்போது கிடங்கில் கால் வைக்க இடமில்லை. நடைபாதையில், மேஜைக்கு அடியில், ஜன்னல் விளிம்பில், எங்கு பார்த்தாலும் கையுறை. பனி உருகத் தொடங்கிவிட்டது. அவர் காலையில் போய் அந்தக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டு மாலையில் வருகிறார். உன் சான்றை நான்கு தடவை படித்தார், கையெழுத்துப் போடவில்லை.

உன் மேலும் கோபம் இருக்கிறது, அவர் மேலும் இருக்கிறது. யார் மேல் அதிகம் என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. இரண்டு பேரும் என் பிள்ளை மேல் உயிரையே வைத்திருக்கிறீர்கள், அது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு, அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டு நான்கு நாள் வேறெதுவும் படிக்கவில்லை. என்ன எழுதினாலும் அது எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. ஆகவே செய்ததை மட்டும் எழுதுகிறேன்.

சான்றில் கையெழுத்துப் போட வேண்டாம். குழுவின் முன் நின்று, நானூறைக் கூட்டியது, ஐந்நூறாக்கியது, வழியில் வருவதை எண்ணாமல் விட்டது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பின்னறையைப் பற்றிச் சொல்லவில்லை, அது உங்களுடையது. மேல் முகாமில் ஒருவனுக்கு மூன்று விரல் போய்விட்டது என்றேன். ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அதை எங்கப்பா போடுறது?" என்று கேட்டார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை, அக்கா. உண்மையிலேயே வரைபடத்தில் அதற்கு இடம் தேடினார். இடம் இல்லை. அந்த வரைபடத்தை வரைந்தவன் நான்.

முறையை விரிப்பதை நிறுத்திவைத்திருக்கிறார்கள். பிரிவை மாதக் கடைசியில் மூடுகிறார்கள். போவதற்கு முன் ஒரு வேலை செய்தேன். அட்டையைத் திருத்தி, குறிப்பு எழுத ஒரு கட்டம் போட்டு, அதை ஓர் ஆள் படித்துக் கையெழுத்திட்ட பிறகுதான் ஆர்டர் போகலாம் என்று எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். பழைய பதினொரு கையெழுத்துக்குப் பதில் ஒரு கையெழுத்து. ஏற்றுக்கொண்டார்கள். முதல் அட்டையை அத்தானுக்காக இதனுடன் வைத்திருக்கிறேன்.

மே பத்துக்கு மேல் வீட்டுக்கு வருகிறேன். வரலாமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். வாலுவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை.

தம்பி


ஏப்ரல் 14

அன்புள்ள மாமாவுக்கு,

வாலு எழுதிக்கொள்வது. என் கையாலேயே எழுதுகிறேன். நான் வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. அம்மா நலம், என்னைச் சாப்பிடவைத்தே கொல்கிறாள். அப்பா நலம் என்று எழுதச் சொன்னார், அதை அப்படியே எழுதிவிட்டேன், நீங்கள் எவ்வளவு கழித்துக்கொள்வீர்களோ கழித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா அதைப் படித்துவிட்டு, "இதுக்கும் ஒரு கடுதாசி, இதுக்கும் மூணு வாரமா" என்று கத்தினாள். வாருங்கள் என்று அர்த்தம்.

அந்தப் புது அட்டையை அப்பா மேஜையில் வைத்து மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேனாவை எடுப்பார், வைப்பார். எனக்குப் பொறுக்கவில்லை. நேற்று நானே எடுத்து நிரப்பிவிட்டேன். பார்த்துவிட்டுத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் வலது கையை எடுத்து அவர் மடியில் வைத்துக்கொண்டார். வந்த நாளிலிருந்து அந்தக் கையை அவர் பார்த்ததே இல்லை, மாமா. நேற்றுத்தான் பார்த்தார்.

அட்டை இதோ:

பொருள்: விரல்
இருக்க வேண்டியது: 10
கையிருப்பு: 7
குறிப்பு: எண் உண்மை. பின்னறையில் எதுவும் இல்லை. மீதி மூன்றுக்கு ஆர்டர் போட வேண்டாம், வரா

கடைசி எழுத்துக்கு இடம் பத்தவில்லை. அடுத்த தடவை அச்சடிக்கும்போது குறிப்புக் கட்டத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைக்கச் சொல்லுங்கள், மாமா. இடது கையில் எழுத்து பெரிது பெரிதாக வருகிறது.

உங்கள்
வாலு